காரணம் எழுதும் கட்டம்

அண்ணனின் வலது சுட்டுவிரல் பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டிருக்கும், அழுத்தாது. இடது கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருக்கும். உதடு ஏதோ முணுமுணுக்கும். பக்கத்து இருக்கையிலிருந்து பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன். 'பிரேக் அண்ணன்' என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். "பிரேக் இல்லாத வண்டியில ஏறிப் பாருங்கடா, தெரியும்" என்பார்.

பலருடைய சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் போடும் நிறுவனம் எங்களுடையது. சாயங்காலம் அன்றைய பங்கு விலைகள் கணினிக்கு வந்து சேரும். அண்ணன் பார்த்துச் சரி என்றால்தான் முதலீட்டின் அன்றைய மதிப்பு வெளியே போகும். சந்தேகமான விலையை நிறுத்திவைப்பார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. விலை எகிறினால் விசாரிப்பார், சரிந்தால் விசாரிப்பார். ஒன்றுமே நடக்காவிட்டால்தான் அவருக்கு வியர்க்கும். "ஓடுற விலையால பயமில்ல தம்பி. அசையாம நிக்குது பாரு, அதுதான் ஆளைக் கொல்லும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் சிரிப்போம். அவர் அரண்ட கதை பிறகுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கம்பெனியின் பங்கு வியாபாரமே நிறுத்தப்பட்டு, பழைய விலையே நான்கு நாளாக வந்துகொண்டிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லையே என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் விலை கால்வாசியானது. அந்த நான்கு நாளுக்குள் பணம் போட்டிருந்த ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். "திட்டல தம்பி. 'நீங்க பார்த்துத்தானே விட்டீங்க'ன்னு மட்டும் கேட்டாங்க."

ஆறு மாதமாக இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. அவர் வேலையைச் செய்யப் புது மென்பொருள் வந்திருக்கிறது. முதலில் அது பார்க்கும், பிறகு இவர். அது விட்டதை இவர் நிறுத்தினால் திரையில் ஒரு கட்டம் திறக்கும்: ஏன் நிறுத்தினீர்கள்? எழுதுவதை அது கற்றுக்கொள்ளும். ஒரு மாதம் முழுக்க அது எதையும் தவறவிடாவிட்டால் இவர் இருக்கை காலி. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. "ஏன் ராத்திரியெல்லாம் புரளுறீங்கன்னு வீட்டுக்காரி கேக்குறா. என்னத்தச் சொல்ல?"

அது எதையும் தவறவிடாமல் ஓடி, நேற்று இருபத்தாறாவது நாள். ஒரு பங்குக்கு மென்பொருள் பச்சை காட்டியது. அண்ணன் நிறுத்தினார். மூன்று நாளாக அந்த விலை ஒரு பைசா அசையவில்லை. கட்டம் திறந்தது.

"அண்ணே, 'சந்தேகம்'னு ஒரு வார்த்தை போட்டுட்டு விடுங்க" என்றேன். "அதுக்குத் தெரியாதது இது ஒண்ணுதான்." அவருக்கு அடுத்துக் காலியாவது என் இருக்கை.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு நான் காய்ச்சல்னு படுத்துட்டா, இதை யாரு நிறுத்துவா?"

ஒற்றை விரலால் எழுதினார்: மூன்று நாளாக விலை மாறவில்லை. வியாபாரம் நின்றிருக்கிறதா என்று பார்க்கவும். விரல் பொத்தானுக்கு மேலே வெகுநேரம் நின்றது. பிறகு அழுத்தினார். கட்டம் மூடிக்கொண்டது.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைப்பிடியையும் பிடித்தபடி, நாற்காலியைத் திரையிலிருந்து ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டார்.