அக்கா ஊற்றிய தண்ணீர்

சல்லடைக்கு அந்தப் பெயர் வந்தது அவர் மண்ணுக்குள் இறக்குகிற குழாயால். அடிப்பாகம் முழுக்க மயிரிழைக் கனத்துக்குக் கீறல் போட்ட பிளாஸ்டிக் குழாய் அது. தண்ணீர் உள்ளே வரும், மணல் வராது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை. பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்று எடுத்துப் பார்க்க மட்டும்தான். தலை நரைக்கிற வரைக்கும் அவருக்கு இதே பிழைப்பு.

அவருக்கு ஒரு அக்கா. ஒரே வயிறு இல்லை, அப்பாவின் மூத்த தாரத்து மகள். ஆனால் இளைய தாரமான இவர் அம்மா கண்ணை மூடியதும் இவரைத் தூக்கி வளர்த்தது அவள்தான். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சலவைக்கடை இருந்தது. தண்ணீர் படாமல், மருந்து போட்டே கோட்டும் கம்பளியும் வெளுக்கிற கடை. கடையை மூடின பிறகுதான் அந்த மருந்து வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்க்கச் சுற்றிலும் குழாய் இறக்கினார்கள். கடைசிக் குழாய்க்கு இடம் அமைந்தது அக்கா வீட்டுப் பின்புறம், அவள் குடிக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில். இதில் மருந்து வந்தால் அவள் கிணற்றை மூடிவிடுவார்கள்.

"மூணு பிள்ளைங்களையும் இந்தத் தண்ணியிலதான் வளர்த்தேன். ஒருத்தனுக்காவது தலைவலி உண்டாடா?"

"உன் பெரியவனுக்குத் தலை இருந்தாத்தானே வலிக்கும்?"

"மருமகனைப் பேசுற வாயைப் பாரு! வேலையை முடிச்சிட்டு நடையைக் கட்டு."

குழாயை நிறுத்தி, சுற்றிலும் மணல் கொட்டி, ஊறினால் உப்பிக்கொள்ளும் களிமண் உருண்டைகளை அதன்மேல் போட்டு, சிமெண்ட் பூசி ஆறவிட்டாயிற்று. இனி தெளியவைக்க வேண்டும். ரப்பர் வில்லை கட்டிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு மேலும் கீழும் அசைத்தால் கீறல்களில் அப்பிய சேறெல்லாம் கழன்று வரும். அதை ஒல்லியான வாளியால் இறைத்துக் கொட்ட வேண்டும். காலையிலிருந்து பால் கலந்த டீ மாதிரியே வந்துகொண்டிருந்தது.

மேலே, கீழே. மேலே, கீழே. அடியிலிருந்து வந்த சத்தம், மண் தூக்கத்தில் புரண்டு படுத்துப் பெருமூச்சு விடுவதுபோல இருந்தது. வெயில் முதுகில் கதகதவென்று ஏறியது. சுவரில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

கனவில் அவரே தண்ணீராக இருந்தார். எந்த அவசரமும் இல்லை. ஒரு மணலிடமிருந்து அடுத்த மணலிடம் வழி கேட்டுக் கேட்டு, தெருவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார். தலைக்கு மேலே அடுப்பங்கரைகள் நகர்ந்தன. யாரோ பாத்திரம் உருட்டினார்கள். யாரோ மழை மாதிரி எதையோ ஊற்றினார்கள். ஜில்லென்று இருந்தது.

"எழுந்திரிங்க அண்ணே! கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கே!"

கண்ணைத் திறந்தால், மாதிரித் தண்ணீர் எடுக்க வந்த பொறியாளர் பெண் வாளியோடு நிற்கிறாள். பக்கத்தில் அக்கா, கையில் ஈரக் குடம், முகமெல்லாம் சிரிப்பு.

சல்லடை துள்ளி எழுந்தார். அக்காவை ஓரமாக இழுத்துப்போனார். "என்ன பண்ணினே?"

"குழாய்க்குள்ள நாலு குடம் ஊத்தினேன். நீ மாடா உழைக்கிறே, அது தெளியவே மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்ம கிணத்துத் தண்ணிதானேடா. இதையே கொண்டுபோய்ப் பார்க்கட்டுமே. நல்லதுன்னு வந்துட்டுப் போகட்டும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். பொறியாளர் சீசாவில் பிடித்துக்கொண்டு போய்விடுவாள், வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். அக்கா இந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பாள்.

"மேடம், அதைக் கொட்டிடுங்க," என்றார். "அது அடியில ஊறினது இல்ல. மேல இருந்து கலந்துடுச்சு."

பொறியாளர் குடத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஊத்தினதுபோலப் பல மடங்கு இறைக்கணுமே அண்ணே."

"இறைக்கிறேன்."

அக்கா அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "நீயெல்லாம் ஒரு தம்பியாடா?" என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். "கையெல்லாம் கொப்புளம் போட்டிருக்கு. விடு, கயித்தைக் கொடு."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி இறைத்தார்கள். முதலில் சேறாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது. வெயில் சாயும்போது தானாகவே தெளிந்தது. கடைசி வாளியைத் தூக்கின அக்கா சட்டென்று நின்றாள். மூக்கை நீட்டவே வேண்டியிருக்கவில்லை, லேசான, இனிப்பான ஒரு வாசம் தானே ஏறி வந்தது.

"கடையிலிருந்து வெளுத்து வரும்போது உங்க மாமா கோட்டுல இந்த வாசம்தான்டா வரும்."

பொறியாளர் சீசாக்களை நிரப்பி மூடினாள். "எவ்வளவு இருக்குன்னு ஆய்வுக்கூடம் சொல்லட்டும். அதுவரைக்கும் உங்க கிணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்கம்மா."

அக்கா உள்ளே போய் அடுப்பிலிருந்த உலையை இறக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலிக் குடத்தைத் தம்பி தோளில் வைத்தாள்.

"நட. மேல்தெருப் பொதுக் குழாயில கூட்டம் சேர்றதுக்குள்ள பிடிச்சுட்டு வரணும்."