புர்ல் அடித்த நாளில் ஒதேத்தின் ரெனோ

ஒதேத் ஓர் அட்டைத் துண்டைத் தன் பழைய ரெனோ காரின் முன்கம்பிகளில் செருகிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காற்று நேராக ரேடியேட்டரில் அடித்தால் எஞ்சின் சூடேறாது. விரல்கள் மரத்திருந்தாலும் முடிச்சு சரியாகவே விழுந்தது. வீடு வீடாகப் போய்ப் புண்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை.

அவளோடு வேலை பார்க்கும் இளம் நர்ஸ் பாஸ்தியான் தன் சிவப்பு ஹாட்ச்பேக்கில் வந்து நின்றான். முந்நூறு குதிரைசக்தி. குளிருக்கு இதமாக ஸ்டீயரிங்கூட சூடாகும்.

"இன்னும் இந்தத் தகர டப்பாவைக் கட்டி அழறீங்களே, ஒதேத்! அறுபதுலயே முனகுது. என்னுது அஞ்சு நொடியில நூறு."

"நூறுல போய் யாருக்குப்பா ஊசி? நோயாளி என்ன, எழுந்து ஓடிடுவாரா?"

அன்று பண்ணைக்கிழவர் ஃபெர்னானுக்கு இன்சுலின் போடுவது பாஸ்தியானின் முறை. கிழவருக்குக் கண் சரியாகத் தெரியாது, ஊசியைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. நகரத்திலிருக்கும் மகன் ஜெரோம் கறாராகச் சொல்லியிருந்தான்: நர்ஸ் ஒரு நாள் தவறினாலும் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன். ஃபெர்னானோ அந்த வீட்டை விட்டுப் போனால் பிணமாகத்தான் போவேன் என்றிருந்தார். வெளியே பனியை வாரியிறைத்துக்கொண்டு, புர்ல் என்னும் அந்த மேட்டுநிலத்தின் வடகாற்று வீசிக்கொண்டிருந்தது.

ஒதேத்துக்கும் அதே பக்கம்தான் வேலை. நெடுஞ்சாலையில் சிவப்பு வண்டி ஆணியடித்தது போலத் தரையைப் பிடித்துக்கொண்டு பறந்தது. நல்ல வண்டிதான், அதை அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் பண்ணைக்குப் பிரியும் பாதைக்கு அவள் வந்து சேர்ந்தபோது அது மூக்குவரை பனியில் புதைந்து கிடந்தது.

"குளிர்கால டயர் போட்டிருக்கேன், ஒதேத்!"

"டயர் தரையில பட்டாத்தானே பிடிக்கும்? உன் வண்டி வயித்துல படுத்திருக்கு. பையை எடுத்துட்டு ஏறு."

பாதை இரண்டு கரைகளுக்கு நடுவே பள்ளமாகப் போகிறது. புர்ல் பனியைக் கொண்டுவந்து அதில்தான் கொட்டும். பக்கத்து மேய்ச்சல் நிலத்தையோ பனியில்லாமல் பெருக்கிவிடும். அந்தக் காற்று அடிக்கும் நாளில் மேட்டுநிலத்துக்காரர்கள் சாலையை விட்டுவிட்டுப் புல்வெளியில்தான் போவார்கள். பாஸ்தியான் சாலையை நம்பிவிட்டான். ஒதேத் கம்பிவேலியின் படலைத் திறந்து ரெனோவை உள்ளே விட்டாள்.

மாட்டுக் குளம்புக் குழிகள் கல்லாக உறைந்திருந்தன. உயர்ந்த சக்கரங்களில் ரெனோ படகு மாதிரி ஆடி ஆடிப் போனது. பாஸ்தியான் தலையை இரண்டு முறை கூரையில் இடித்துக்கொண்டான். அவனுடைய வண்டியாக இருந்தால் முதல் குழியிலேயே அடிவயிற்றைக் கழற்றிப் போட்டிருக்கும்.

சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு முடித்தபோது ஃபெர்னானின் காலை ரொட்டி இன்னும் கடிபடாமல் தட்டிலேயே இருந்தது; சாப்பாட்டுக்கு முன்பே ஊசி போட்டாயிற்று. தொலைபேசி அடித்தது; மகன் ஜெரோம்.

"வந்தாங்களாவா? ரெண்டு பேரா வந்திருக்காங்கடா! என் மாட்டுப் புல்லு மேலயே காரை ஓட்டிட்டு!" என்று கத்தினார் ஃபெர்னான்.

ஒதேத் ரிசீவரை வாங்கினாள். "ஜெரோம், சர்க்கரை சரியா இருக்கு. ஊசியும் நேரத்துக்குப் போட்டாச்சு. இன்னைக்கே வந்துட்டோம், இதைவிட மோசமா இன்னொரு நாள் வராது."

மறுமுனையில் ஜெரோம் சொன்னான்: "சரி. அப்பா அங்கேயே இருக்கட்டும்."

ஃபெர்னான் மேசையைத் தட்டிச் சிரித்தார். மதியம் டிராக்டர் வந்து சிவப்பு வண்டியை இழுத்துப் போட்டது. அன்று நோயாளிகளிடம் பரிசோதனைக்கு எடுத்த இரத்தக் குப்பிகள் எல்லாவற்றையும் ஒதேத் பாஸ்தியானிடமே கொடுத்தாள். "லேபுக்கு உன் வண்டிதான். பறந்து போ."

மறுநாள் காலை, பனி வாரும் வண்டி பாதையைத் திறந்ததுமே ஜெரோம் வேனில் வந்தான். குளிர்காலம் முழுவதற்குமான விறகை இறக்கி, அப்பாவின் சமையலறைச் சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கினான்.