காளையோடு நுவரெலியாவுக்குப் பத்தொன்பது மைல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முன்னால், ஒரு மாசி மாதம், அக்கரப்பத்தனைப் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியா மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு காளையை நடத்திக்கொண்டு போனேன். காயடிக்கத்தான். துரை பங்களாவில் சீமைப்பசு கட்டியிருந்த வேலியை அது இரண்டு முறை தாண்டியது. இரண்டு முறையும் விரட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள், வேலைக்குப் பெயர் போடுகிற காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும், எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார்: "மாட்ட அடிச்சுட்டு டாக்டர் சீட்டோட வா. இல்லேன்னா அது லயத்துல நிக்கக்கூடாது."

காளையின் பெயர் மயிலை. என் மனைவி வள்ளி வளர்த்த பசுவின் கன்று. வள்ளி போய் இரண்டு வருடம், பசு போய் ஒரு வருடம். மயிலைக்குக் கன்று எதுவும் இல்லை. எனக்கும் பிள்ளை இல்லை. அடிப்பதற்குள் அதற்கு ஒரு கன்றாவது தங்கிவிட வேண்டும் என்று இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பசுக்கள் மூன்றும் சினை. சரி, வழியில் கேட்டுக்கொண்டே போவோம் என்று கிளம்பினேன்.

காலை ஐந்து மணி. குறுக்கு வழியில் லிந்துலை ஆறு மைல், மாட்டோடு மூன்று மணி நேரம். பாலம் வந்தால் மயிலை நின்றுவிடும். பலகைச் சத்தம் அதற்குப் பிடிக்காது. வள்ளிக்கும் பிடிக்காது, கல்யாணமான புதிதில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவாள். அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

லிந்துலையில் ரோட்டோர லயத்தில் ஓர் அம்மா பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் செல்லம்மா. அந்த லயத்தில் காளையே கிடையாது.

"அக்கா, பசு காளைக்குக் கத்துதுங்களா?"

"காளையக் கையில புடிச்சிக்கிட்டு பொண்ணு கேட்டு வர்ற ஆள இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

"நாளைக்கு அடிக்கப் போறாங்கக்கா. அதான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாலு நாளைக்கு முந்தி வந்திருக்கக் கூடாதா? கத்தி அடங்கிருச்சு. இனிப் பதினேழு நாளாகும்."

அங்கிருந்து நானுஓயா எட்டு மைல். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் இன்னும் நான்கு இடத்தில் கேட்டேன், ஒன்றும் அமையவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வண்டிக்காரர் கொட்டிலில் ஐம்பது சதத்துக்கு இடமும் புல்லும் கிடைத்தன. மயிலையின் மேல் சாய்ந்து தூங்கினேன்.

மறுநாள் ஐந்து மைல், எட்டே கால் மணிக்கு ஆஸ்பத்திரி. புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குனிந்து தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"இப்ப ஏலாது. குளிருக்கு மேலை ஏறி நிக்குது. வெயில் வரட்டும்."

"எதுக்குங்கையா ஏறுது?"

"விதைக்கு உடம்பின்ரை சூடும் கூடாது, வெளிக்குளிரும் கூடாது. அதுதான் பை ஏறி இறங்குது."

இத்தனை வருடம் அதன் பின்னாலேயே நடந்தவன், இதைக் கவனித்ததில்லை. பத்தரை மணிக்கு வெயில் விழுந்தது. கைப்பிடி அளவில் சுருங்கியிருந்த பை மெல்லத் தளர்ந்து இறங்கியது.

வெட்டவில்லை. பைக்கு மேலே கயிறு போல ஓடுவதை விரலால் தேடி ஓரமாக ஒதுக்கி, தோலோடு சேர்த்துப் பெரிய இடுக்கியால் நசுக்கினார். பிறகு மறுபக்கம். ஒரு சொட்டு இரத்தம் வெளியே இல்லை. இனி விதைக்கு இரத்தம் ஓடாது, தானாக வற்றிவிடும் என்றார். மயிலை ஒரு தடவை கத்தியது. பிறகு என் முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டது.

சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "ஆறு கிழமைக்குப் பசுக்களோடை விடாதையும். நசுக்கின இடத்துக்கு அங்காலை, குழாயிலை முந்தியே வந்து நிக்கிற விந்து கொஞ்ச நாளைக்கு உயிரோடை இருக்கும்."

"எத்தன நாளைக்குங்கையா?"

"திட்டமாச் சொல்லேலாது. நாள் போகப் போகக் குறையும்."

நான் விரல் விட்டு எண்ணினேன். லிந்துலைப் பசுவுக்கு இன்னும் பதினாறு நாள்.

வீக்கம் வற்ற இரண்டு நாள் நானுஓயாவில் தங்கி, ஊர் திரும்பிச் சீட்டைக் கொடுத்தேன். பதினாறாம் நாள் வேலைக்குப் பெயர் போடாமல் மறுபடி லிந்துலைக்கு நடந்தோம். பை அதற்குள் சிறுத்திருந்தது. செல்லம்மாவின் பசு கத்திக்கொண்டிருந்தது. மயிலை மோந்து பார்த்து, மேலுதட்டைத் தூக்கி, சும்மா நின்றது.

"என்னய்யா, மாப்பிள்ளைக்கு வெக்கமா?"

அரை மணி நேரம் கழித்து ஏறியது. ஒரே தடவை.

மூன்று வாரம் கழித்து நான் மட்டும் போய்க் கேட்டேன். "கத்தலைய்யா, தங்கிருச்சு," என்றார் செல்லம்மா. ஆறு மைலும் திரும்பி வந்து மயிலையிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அது இப்போது எந்த வேலியையும் தாண்டுவதில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன் ஆஸ்பத்திரியில் நின்று பயனில்லை. சாக்கு இரண்டு எடுத்துப்போங்கள், மாட்டுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அந்த ஆறு வாரமும் காளையைத் தனியாகக் கட்டுங்கள். அதற்குக் கன்று இல்லையென்றால் மட்டும், போகும்போதே லிந்துலையில் கேட்டு வையுங்கள்.

மார்கழி மழையில் பசு ஈன்றது. மயிலை நிறம். பால் மறந்ததும் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார் செல்லம்மா. தாயோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிடேரி, பெண் கன்று. அதை யாரும் இந்த வழியில் நுவரெலியாவுக்கு நடத்திக்கொண்டு போக மாட்டார்கள்.