முதலாளிக்கு முதலில் தெரிந்த இருமல்

என் கணவரின் நெஞ்சில் என்ன கோளாறு என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொன்னது ஒரு செல்போன் கம்பெனி. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தெரியவில்லை.

விருத்தாசலத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பீங்கான் யூனிட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். வீட்டு மீட்டர் பெட்டியில் போடுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் அங்கே செய்கிற சரக்கு. நான் பி.காம். படித்தவள் என்பதால் ஆபீஸில் இருந்தேன். எந்த லாரியில் எத்தனை பெட்டி போகிறது, எந்த ஊரில் இறங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. அவர் பத்தாவது வரை படித்தவர். வெள்ளைக்கல்லை உடைத்து மாவாக அரைக்கிற மில்லில் இருந்தார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். குழாயடியில் முகம் கழுவினால்தான் என் வீட்டுக்காரர் என்று அடையாளம் தெரியும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய சமயம் அது. லாரி ஆபீஸ்காரர்களிடம் ஓயாமல் பேச வேண்டியிருந்ததால் முதலாளி எனக்கு ஒரு போன் கொடுத்தார். யூனிட் பேரில் வாங்கிய நாலு சிம்மில் ஒன்று. பொத்தான் போன், தீப்பெட்டி அளவு திரை. அதிலும் இன்டர்நெட் வந்தது. "சொந்த வேலைக்கும் வெச்சிக்கம்மா, தப்பில்ல" என்று அவரே சொன்னார். அந்த வார்த்தையை நம்பினேன்.

என் கணவருக்கு இருமல் தொடங்கியது மழைக்காலத்தில். சளியென்று நினைத்தோம். தை பிறந்தும் விடவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டிபி இல்லை என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். வந்த நிம்மதி ஒரு மாசம்கூட இல்லை. சைக்கிளில் பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார். சட்டை தோளில் தொங்கியது. கேட்டால், "தூசி தொண்டையில நிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்பார்.

அந்தத் தூசி என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனதும் நான் பெட்டி அடுக்குகிற அறையில் உட்கார்ந்து போனில் தேடினேன். தமிழ் எழுத்து அந்தப் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் இங்கிலீஷில் தேடினேன். ஒரு பக்கம் திறக்கிறதுக்குள் ஒரு வாய் சோறு சாப்பிட்டு முடித்துவிடலாம். கல் தூசி, இருமல், நுரையீரல் என்று தட்டித் தட்டி, சிலிகோசிஸ் என்ற பெயரைக் கண்டேன். வெள்ளைக்கல் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், தங்கினது வெளியே வராது என்று போட்டிருந்தது. அன்றைக்கு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

ரெண்டு வாரம் தினமும் அதையே படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், டாக்டர் வாயால் கேட்ட பிறகு பேசிக்கொள்ளலாம், அதற்குள் அரைகுறையாகப் படித்துவிட்டு அவரைக் கலங்கடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குச் சொந்தமானது என்று நம்பியிருந்தேன்.

மூன்றாவது வாரம் எஸ்எம்எஸ் வர ஆரம்பித்தது. செல்போன் கம்பெனியின் பெயரிலேயே வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். மூச்சு வாங்குகிறதா, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்றது ஒன்று. நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சலுகை என்றது இன்னொன்று. குடும்பத் தலைவருக்கு எதிர்பாராதது நடந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு இன்சூரன்ஸ். முதலில் தற்செயல் என்று நினைத்து அழித்தேன். தினமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற தன் அக்காவிடம் பேச, தன் போனில் காசு தீர்ந்திருந்ததால் அவர் என் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. எழுத்துக் கூட்டி சத்தமாகவே படித்தார்.

"தூசியில் வேலை செய்பவரா. உங்கள் நுரையீரல் பத்திரமா."

நான் அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"இது எதுக்கு ஒனக்கு வருது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான் வருது. விளம்பரம்."

அவர் தன் போனை எடுத்து வந்து காட்டினார். "எனக்கு கிரிக்கெட் ஸ்கோரும் ராசிபலனும்தான் வருது."

அக்காவிடம் பேசாமலேயே போனை வைத்துவிட்டு வெளியே போனார். பத்து வருஷம் குடும்பம் நடத்தியதில் அவரிடம் நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது அன்றுதான். மாட்டிவிட்டது யார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

புதன்கிழமை விளங்கியது. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் நிற்க வைத்தே பேசுகிறவர், உட்காரச் சொன்னார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"வூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஏதோ தொந்தரவாமே?"

"யாருங்க சார் சொன்னது?"

"போன் கம்பெனி ரெப் வந்திருந்தான். ஸ்டாப்புக்கெல்லாம் ஹெல்த் பேக்கேஜ் போடுங்கன்னு சொன்னான். எதுக்குப்பா இங்க அதெல்லாம்னு கேட்டேன். உங்க நாலு நம்பர்ல ஒண்ணுல நுரையீரல் வியாதி பத்தி ரொம்பப் பாக்குறாங்க சார்னு சொல்லி, நம்பர எழுதியே குடுத்தான். பாத்தா ஒன்னோட நம்பரு. மில்லுல ஒன் வூட்டுக்காரரு இருமுறதும் தெரிஞ்சதுதானே."

சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நான் தனியாகப் படித்தது, ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணாக மாறி அவர் மேசைமேல் கிடந்தது. அவர் அதன்மேல் டீ கிளாஸை வைத்திருந்தார்.

பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். டைப் அடித்து வைத்திருந்தார். இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எனக்கு ஆஸ்துமா இருந்தது, இப்போதுள்ள இருமலுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று என் கணவர் எழுதிக் கொடுப்பதாக இருந்தது அது.

"கையெழுத்து வாங்கிக் குடுத்துடும்மா. அப்புறம் வேணும்னா லீவு எடுத்துக்கிட்டு ஒடம்பப் பாத்துக்கட்டும்."

"அவருக்கு ஆஸ்துமா இருந்ததில்லைங்க சார்."

"நீ படிச்ச பொண்ணு. ஒனக்குச் சொல்லணுமா?"

தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அதைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் பிற்பாடு எங்களிடம் ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் மணிமுத்தாறு பாலத்தில் சைக்கிளை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நான் படித்தது, மறைத்தது, அந்தத் தாள் எல்லாம். வெயில் இறங்கி ஆற்று மணலில் மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். முதல் கோபம் என்மேல்தான் வந்தது.

"என் நெஞ்ச பத்தி மொதலாளிக்குத் தெரியுது, எவனோ ரெப்புக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. கூட இருக்கிற நீ சொல்லல."

"டாக்டர் சொல்லட்டும்னு இருந்தேங்க. நீங்க பயப்படுவீங்கன்னு."

"பயப்படறதும் பயப்படாததும் என் பாடு. அத எங்கிட்ட வுடணும் நீ."

அது நியாயம். இன்றைக்கும் அந்த விஷயத்தில் என்னை நான் மன்னித்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் பயத்தில் மறைத்தேன். அவர்கள் வியாபாரத்துக்காக வெளியே விட்டார்கள். ரெண்டையும் ஒரு தட்டில் வைக்க நான் தயாரில்லை.

மறுநாள் ரெண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு ஜங்ஷன் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் கடைக்குப் போனோம். கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து ரெப்பைக் கூட்டிவந்தாள். டை கட்டிய இளைஞன். மரியாதையாகத்தான் பேசினான்.

"நீங்க பாக்குற பக்கமெல்லாம் எங்க வழியாதானே மேடம் போகுது. எதுல உங்களுக்கு ஆர்வம் இருக்குதுன்னு சிஸ்டம் பிரிச்சு வெச்சிக்கும். அதுக்கேத்த மாதிரி ஆஃபர் அனுப்புவாங்க. இது ஒரு சேவை."

"ஆர்வமா?" என்றேன். "வூட்டுக்காரர் பொழைப்பாரான்னு பாத்தது ஒங்களுக்கு ஆர்வமா தெரிஞ்சிதா?"

அவன் கவுண்டர் பெண்ணைப் பார்த்தான். அவள் ஒரு பாரத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. "சம்மதம் குடுத்துதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க மேடம்."

"யாரு போட்டது?"

"கனெக்ஷன் யார் பேர்ல இருக்குதோ அவங்க."

"பாத்தது நான். சம்மதம் குடுத்தது மொதலாளி. இது எந்த ஊரு நியாயம்?"

என் கணவர் அப்போது வாயைத் திறந்தார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "தம்பி, நான் சேத்தியாத்தோப்புக்கு டிக்கெட் எடுத்தா அங்க எறங்குவேன்னு கண்டக்டருக்குத் தெரியும். தெரியணும். எறங்கி யாரு வூட்டுக்குப் போறேன், எதுக்குப் போறேன்னு பின்னாடியே வந்து பாத்து, அத எங்க மொதலாளிகிட்ட வந்து சொல்லுவாரா அவுரு?"

அந்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு மேலேருந்து லிஸ்ட் வருது அண்ணே. அத வெச்சுப் பேசச் சொல்றாங்க. நம்பர நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவன்மேல் எனக்கு அதற்குமேல் கோபம் வரவில்லை. அந்த லிஸ்டைத் தயாரித்தவர்கள் எந்த ஊரில், எந்த ஏசி அறையில் இருந்தார்கள் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே போயிருப்பேன். அந்தக் கடையிலேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கித் தமிழில் புகார் எழுதினேன். இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நகலில் சீல் வைத்துக் கொடுக்கும்வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். மதியம் ஆனது. கடைசியில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஒரு மாசம் கழித்து அதற்கு ரெண்டு வரியில் பதில் வந்தது. வாடிக்கையாளருக்குப் பயனுள்ள தகவல்களை வழங்குவதே எங்கள் நோக்கம், இனி தங்கள் எண்ணுக்கு விளம்பரம் அனுப்பப்படாது என்று. அனுப்புவதை நிறுத்துவார்களாம். பார்ப்பதை நிறுத்துவதாக அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதற்கு முன்பே போனை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். என் கணவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. புதுச்சேரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்டார். பிறகு தூசி நோய்தான் என்று எழுதிக் கொடுத்தார். போனது திரும்பாது, இனிமேல் தூசிக்குப் போகாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். என் கணவர் எல்லாவற்றையும் நேராக நின்று கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் பயந்துவிடுவார் என்று நான் எவ்வளவு தப்பாக நினைத்திருந்தேன்.

டாக்டர் கடிதத்தையும் முதலாளி டைப் அடித்த தாளையும் கடலூர் தொழிலாளர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பல நடை நடந்த பிறகு ஒரு அதிகாரி வந்து மில்லைப் பார்த்தார். கல்லை நனைத்து உடைக்கவும், தூசியை இழுக்க ஃபேன் போடவும் உத்தரவானது. எங்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. என் கணவர் நல்லூர் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலைக்குச் சேர்ந்தார். நான் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தின் ஆபீஸுக்குப் போனேன்.

அடுத்த வருஷம் சித்திரை மாசத்தில் ஒருநாள், அவரோடு மில்லில் இருந்த நாலு பேரின் மனைவிமார் வீடு தேடி வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் இருமல். அதில் ஒருத்தி தன் வீட்டுக்காரரின் போனை என்னிடம் நீட்டி, "நீங்க பாத்தீங்களேக்கா, அதுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"இதுல பாக்க வேணாம்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். நாலு பேரையும் அவரவர் மனைவியோடு புதுச்சேரிக்குக் கூட்டிப் போனோம். என் கணவர் முன்னால் உட்கார்ந்து, எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலில் ரெண்டு பேருக்கு அதே நோய் இருந்தது. டாக்டரம்மா அதை அவரவரிடம், அறைக் கதவைச் சாத்திவிட்டு, தனித்தனியாகச் சொன்னார்.