நாலு மணி வகுப்பு

நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன்.

தெரியாமல் அல்ல. அவசரத்திலும் அல்ல. அவளிடம் ஒரு பொய், அவளுடைய ஆசிரியரிடம் ஒரு பொய் என்று நிதானமாகச் சொல்லிக் கெடுத்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் சொன்னது நான். என்னை எல்லோரும் நம்புவார்கள்…

நீங்களும் நம்பியிருப்பீர்கள். மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனைக்கு வந்தால், வெயிலில் வெளுத்த ஒரு பேனரில் வெள்ளைக் கோட்டோடு நான் நிற்பதைப் பார்க்கலாம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு ஏற்றி இறக்குகிறவர். அம்மா துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் எனக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். தவறு அதனுடையது அல்ல.

எனக்குத் திமிர் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த தபாலைப் படிக்க முடிந்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலேயே ரேஷன் கடைக்காரரிடம் ரசீதைப் படித்துக் காட்டிச் சண்டை போட்டவள். அந்தத் திமிர்தான் என்னைப் படிக்க வைத்தது. அதுவேதான் இதையும் செய்ய வைத்தது.

முதல் வருடம் முதல் இன்டர்னல் தேர்வில் மூன்று பாடங்களிலும் தோற்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். வகுப்பில் பேராசிரியர் பேசும் ஆங்கிலம், ஆவடியில் நிற்காமல் போகும் விரைவு வண்டியைப் போலக் கடந்துபோனது. பையன்கள் எங்கள் ஒதுக்கீட்டின் சதவீதத்தைச் சொல்லி எங்களை ‘ஏழரை’ என்று கூப்பிட்டார்கள். “ஏழரை வந்துச்சுடா, லேபுக்கு இன்னிக்கு சனி பிடிச்சுது” என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தோற்றவர்களுக்காக உடலியங்கியல் துறையில் ஒரு மேடம் மாலை நாலு மணிக்குத் தனி வகுப்பு எடுத்தார். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து, இன்றைக்கு எது புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாடம் தொடங்கும். பிறகு மேடம் தமிழில் விளக்குவார். நாங்கள் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதையே ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கடைசியில்தான் எழுத்து.

நரம்பில் தூண்டல் எப்படி ஓடுகிறது என்பதை அவர் மின்சார ரயிலை வைத்துச் சொன்னார். ஆவடியில் மகளிர் பெட்டிக் கதவருகே ஏறத் துடிக்கும் கூட்டம் சோடியம். உள்ளே இறங்கக் காத்திருக்கும் கூட்டம் பொட்டாசியம். “முதல்ல யார் முட்டிக்கிட்டு உள்ள வர்றாங்க, சொல்லு.” அன்றுதான் முதல் முறையாக மருத்துவம் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது.

ஆனால் அந்த வகுப்புக்குப் போவதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறுவேன். அந்த வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு மறுதேர்வு உண்டு. அதில்தான் என் இன்டர்னல் மதிப்பெண் தேறியது. அதனால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடிந்தது.

இரண்டாம் வருடம் மருந்தியலில் பதக்கம் வாங்கினேன். கல்லூரிக்கு என்னைப் பிடித்துப்போனது. புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில் பெற்றோர்கள் முன்னால் என்னைப் பேச அழைத்தார்கள்.

என்ன பேசினேன் தெரியுமா? “எனக்கு யாரும் உதவவில்லை. யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஓர் ஏழை வீட்டுப் பெண் தன்னந்தனியாக நின்று ஜெயிக்க முடியும்!”

கைதட்டல்… இப்போதும் காதில் இருக்கிறது. முன்வரிசையில் மேடம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்.

அந்தக் கூட்டத்தில் தேன்மொழி இருந்தாள்.

திருநின்றவூர்ப் பெண். அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். அவளும் அரசுப் பள்ளி, அவளும் தமிழ்வழி. எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் ஒரு சீனியரை மென்டராகப் போடுவார்கள். படிப்பில் எங்கே தடுக்குகிறது, யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்வது மென்டரின் வேலை. அவளுக்கு என்னைப் போட்டார்கள். காலையில் ஆவடி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருப்பாள். பூந்தமல்லி வரை ஒன்றாகப் போவோம். நான் பேசுவதை ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது!

முதல் இன்டர்னலில் அவளும் தோற்றாள்.

பேருந்து பருத்திப்பட்டு தாண்டியதும் கேட்டாள். “அக்கா, நாலு மணி கிளாஸுக்கு என் பேரப் போடறாங்களாம். பசங்க இப்பவே சிரிக்கிறாங்க. அது எப்டி இருக்கும்க்கா? நீங்க போயிருக்கீங்களா?”

ஒரு சொல் போதும். ‘ஆமாம்’. அவ்வளவுதான்.

“நான் எதுக்கு அங்க போறேன்?” என்றேன்.

அவள் முகம் வாடியது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு என்னைவிடத் தைரியம் இருந்தது. மறுநாள் அவளே சொன்னாள்: வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்க்கிறேன் என்று. கேட்டுக்கொள்ளுங்கள். அவள் போகத் தயாராகிவிட்டாள். அந்த இடத்தில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதும்…

அன்று மதியம் மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தேன்மொழி தயங்குவதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

“மேடையில நீ என்ன சொன்னங்கிறது உன் விருப்பம். அதப் பத்தி நான் பேசல. ஆனா இந்தப் பொண்ணுக்கு உன்னப் பத்திச் சொன்னா தைரியம் வரும். கிளாஸ்ல உன் பேரச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க மேடம்” என்றேன். என் வாய்தான் சொன்னது. கூடவே அதுவே சொன்னது: “ஆனா அவ வர மாட்டேங்கிறா மேடம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். வெளியில ட்யூஷன் போறாளாம்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “கட்டாயப்படுத்த முடியாது. நீ கொஞ்சம் பார்த்துக்கோ” என்றார்.

தேன்மொழியிடம் வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது என்றேன். நானே சொல்லித் தருகிறேன், மேடத்தைப் போய்த் தொந்தரவு செய்யாதே என்றேன். அவள் கண்களில் எவ்வளவு நன்றி! ‘இவ்வளவு பெரிய ஆள் எனக்காக நேரம் ஒதுக்குகிறாளே’ என்ற நன்றி. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுதேர்வு விஷயம் எனக்கு நினைவிருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது.

சொல்லிக் கொடுக்கத்தான் செய்தேன். பேருந்தில், கேன்டீனில், வார்டுக்குப் போகும் வழியில். மேடத்தின் மின்சார ரயிலை என் சொந்தக் கண்டுபிடிப்பைப் போலச் சொன்னேன். “சூப்பரா சொல்றீங்கக்கா” என்றாள். ஆனால் மேடத்தின் வகுப்பில் இருந்த ஒன்று என்னிடம் இல்லை. அங்கே ‘புரியவில்லை’ என்பதில்தான் பாடம் தொடங்கும். என்னிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. ‘புரிஞ்சுதா?’ என்பேன். ‘புரிஞ்சுதுக்கா’ என்பாள். புரியவில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருக்கும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

பிறகு என் தேர்வுகள் வந்தன. இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். அவள் ஒரு முறையும் குறை சொல்லவில்லை.

இன்டர்னல் மதிப்பெண் போதாததால் அவளைப் பல்கலைக்கழகத் தேர்வு எழுத அனுமதிக்கவில்லை. அவளோடு தோற்று, நாலு மணி வகுப்புக்குப் போனவர்களில் பலர் எழுதினார்கள். ‘ஏழரை’ என்று சிரித்த பையன்களில் ஒருவனும் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுதித் தேறினான்!

அவளுடைய அப்பாவைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். மேடம் அன்று விடுப்பு. அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டு, அவள் அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். விரல் இடுக்குகளில் சிமென்ட் வெள்ளை. பக்கத்தில் தேன்மொழி தலைகுனிந்து நின்றாள். மென்டர் என்ற முறையில் நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

“ஏம்மா டாக்டரு, நீயும் எங்கள மாரி ஊட்லருந்து வந்த பொண்ணுதானே. அன்னிக்கு மேடையில பேசுனியே, கேட்டுகினுதான் இருந்தேன். இப்போ இந்தப் பொண்ணு எதுர்லயே கேக்கறேன், சொல்லு. உனக்கு யாராச்சும் தனியா சொல்லிக் குட்த்தாங்களா?”

தேன்மொழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல. அவளுக்கும் அந்தப் பதில் தேவையாக இருந்தது.

“இல்லைங்க. நானேதான் படிச்சேன்.”

அவர் மகளைத் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “கேட்டுகினியா? அதுக்கு மூள கீது, பட்ச்சிகிச்சு. நமக்கு இல்ல, அவ்ளோதான். அதுக்கு இன்னா பண்றது. வா, ஊட்டுக்குப் போவோம்” என்றார். இருவரும் வெயிலில் நடந்து போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் திருநின்றவூருக்கு வந்து பெண்களை ஏற்றிப் போகிறது.

நான் இப்போது பயிற்சி மருத்துவர். சில மாதங்களுக்கு முன் மேடம் சொன்னார்: தேன்மொழியின் இடம் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது, அடுத்த தேர்வுக்குப் பதிவு முடிவதற்குள் திரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். “போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார். பொண்ணுக்குப் படிப்பு ஏறாது, விட்டுடுங்கன்னுட்டார். நீ அவளோட மென்டரா இருந்தவ, ஒரு தடவ நேர்ல போய்ப் பேசு” என்றார். நான் அன்று சொன்ன ட்யூஷன் கதையை அவர் இன்றுவரை சந்தேகிக்கவில்லை.

அதன்பின் ஒரு நாள் தேன்மொழியைத் தற்செயலாக ஆவடி ரயில் நிலையத்தில் பார்த்தேன். விடுமுறை நாளில் அம்மாவோடு துணி வாங்க வந்திருந்தாள். அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். ‘எப்டிக்கா இருக்கீங்க’ என்றாள். அந்தப் பிடியில் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி வகுப்பு, மேடம் கேட்டது, நான் சொன்னது, மறுதேர்வு, அவள் இடம் இன்னும் அவள் பெயரில் இருப்பது… எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். ஒரு வண்டி வந்து நின்று போனது. அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்போ எனக்கு மூள இல்லாம இல்ல” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“இத எங்கப்பாகிட்ட வந்து சொல்றீங்களா? நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு சொல்லுவாரு. நீங்க சொன்னா நம்புவாரு. நம்பிட்டா அனுப்பிடுவாரு.”

“வரேன்.”

“எப்போ?”

“ஞாயித்துக்கெழம.”

மன்னிப்புக் கேட்டேன். “அப்பா காலைல ஸ்டேஷன் எதுர்ல டீக்கடைலதான் இருப்பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனாள்.

போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்! அதை மட்டும் நீங்கள் என் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். திருநின்றவூரில் இறங்கி, வெளியே வந்து, தெருவைக் கடந்தேன். அவர் என்னை முதலில் பார்த்துவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து, தன் துண்டால் அந்த இடத்தைத் தட்டி எனக்கு விட்டார். கூட இருந்த கொத்தனார்களிடம் சொன்னார்:

“நான் சொல்லல? இதாம்ப்பா அந்த டாக்டரு பொண்ணு. நம்மள மாரி ஊடுதான். ஒர்த்தர் ஒதவி கெடியாது, தானா பட்ச்சி வந்துது.”

அவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ஒருவர் பீடியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். என் அப்பா வயது அவருக்கு.

“இன்னாம்மா, இந்தப் பக்கம்?” என்று கேட்டார் தேன்மொழியின் அப்பா.

“இங்க ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்தேன்” என்றேன்.

அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். அடுத்த வண்டியில் ஏறி அம்பத்தூருக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. தேன்மொழி என்னை அழைக்கவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு செய்திகூட இல்லை. அப்பாவிடம் நான் வந்ததைக் கேட்டறிந்திருப்பாள். என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

உங்களிடம் சொல்ல முடிந்தது. ஏன் முடிந்தது? உங்களுக்கு என் முகம் தெரியாது. நீங்கள் எனக்காகத் துண்டால் பெஞ்சைத் தட்டி இடம் விட்டதில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டதால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. கேட்க வேண்டிய ஒரே மனிதருக்கு இதைப் படிக்கத் தெரியாது.

தேர்வுக்குப் பதிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது. நாளை ஞாயிறு. போவேன் என்று எழுதக் கை வருகிறது…

எழுதவில்லை.