சர்வர் அக்கா சொன்ன சாட்சி

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் சர்வர் அக்கா. டேட்டாபேஸ் முழுக்க அவள் பொறுப்பு. பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் பெரிய டாக்டர்களே அவள் அறை வாசலில் தலையைச் சொறிவார்கள். "போன வாரந்தானே மாத்திக் கொடுத்தேன்? சாப்பிட மறப்பீங்களா?" என்று வைதுகொண்டே புதிதாக ஒன்றைத் தட்டிக் கொடுப்பாள்.

மருந்துக் கிடங்குக்காரருக்கும் அப்படித்தான் கொடுத்தாள். அடுத்த மாதம் மயக்க ஊசிகளில் நாற்பது காணோம். அவருடைய பாஸ்வேர்டைப் போட்டுத்தான் கையிருப்புக் கணக்கு திருத்தப்பட்டிருந்தது. விசாரணையில் இவளைக் கேட்டார்கள். "அது அவருக்கு மட்டுந்தான் தெரியும். மாத்திக் கொடுத்த நானே மறந்துட்டேன்" என்றாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மனிதருக்கு வேலை போயிற்று.

மூன்று வருடம் கழித்து ஏதோ கோளாறைத் தேடி சர்வரின் பழைய லாக் கோப்புகளைப் புரட்டியவள் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். இவள் தட்டிய கட்டளைகளையெல்லாம் சர்வர் ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருந்தது. பாஸ்வேர்டுகளும் அப்பட்டமாகக் கிடந்தன. எல்லாவற்றையும் எழுது என்று அதற்குச் சொன்னது யார்? இவளேதான். எப்போதோ வேகம் குறைந்தபோது காரணம் கண்டுபிடிக்கப் போட்ட செட்டிங், எடுக்க மறந்துவிட்டாள். ஊரையெல்லாம் மறதிக்காக வைத மகராசி! கம்ப்யூட்டர் பிரிவில் பதினாறு பேர் அந்தக் கோப்பைத் திறக்கலாம். கிடங்குக்காரருடைய வரியும் அதில் இருந்தது.

அன்றோடு நிம்மதி போயிற்று. கண்ணை மூடினால் அந்த வரி. பாத்திரம் துலக்கும்போது வாய் தானாக அந்தப் பாஸ்வேர்டை முணுமுணுத்தது. "யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்று கணவன் எட்டிப் பார்த்தான்.

மேலாளரிடம் சொன்னாள். "செட்டிங்க மாத்தும்மா. எல்லாருக்கும் புது பாஸ்வேர்டு கொடு. இனிமே சர்வருக்குப் போறதுக்கு முன்னாடியே அத மறைச்சிடணும். லாக்க அழிச்சிடு, பழசக் கிளறாத" என்றார்.

அழிக்கத்தான் வேண்டும், யார் இல்லை என்றது? ஆனால் அந்த மனிதருக்கு இருந்த ஒரே சாட்சியும் அதற்குள்தானே கிடந்தது! சொன்ன வேலையெல்லாம் செய்தாள். அழிக்கும் முன் அவருடைய வரியையும் அந்தப் பதினாறு பேர் பட்டியலையும் அச்செடுத்து, தன் தவறை அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்தாள். மற்றதோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மனைவிதான் திறந்தார். நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது.

"அவருக்கு மட்டுந்தான் தெரியும்னு சொன்னது நான்தாம்மா. அது உண்மையில்ல. இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம்" என்று திக்கித் திணறித் தாளை நீட்டினாள். ஏசட்டும், செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றாள்.

அந்த அம்மாள் தாளை வாங்கவே இல்லை.

"என் தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவர்கூட நான் பேசவே இல்ல" என்றார். "இத ஏன்மா எங்கிட்ட கொண்டு வந்த?"