தங்கச்சிக்கும் இருந்த பிழை

கடத்தூர் கலைமணிக்குத் தன் தங்கச்சி சோபனாவின் மகளைப் பார்த்தாலே வயிறு எரியும். பொம்மிடியில் வளரும் ஐஸ்வர்யாவுக்கு ஆறு வயது; ஓட்டப்பந்தயத்தில் முதலிடம். கலைமணியின் மகன் குருவுக்கும் அதே ஆறு வயதுதான். அவனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினால்தான் எழுந்து விளையாடுவான்.

கலைமணியைத் தாய்மாமன் மாதவராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சோபனாவுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அதை நினைத்து நினைத்தே கலைமணி புழுங்கினாள்.

நோய்க்குக் காரணமான ஜீன் பிழை யார் யாருக்கு இருக்கிறது என்று குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சோபனாவுக்கும் அந்தப் பிழை இருக்கட்டும் என்று கலைமணி வேண்டிக்கொண்டாள். இருந்தது.

"அப்புறம் எப்படிங்க அவ நல்லாயிருக்கா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள் கலைமணி.

"ரத்தத்துக்கு வேண்டிய புரதம் செய்ய, ஜீன்லருந்து ஒரு நகல் எடுத்துதான் செல் படிக்கும். தூது ஆர்.என்.ஏ.ன்னு பேரு. துண்டுகள ஒட்டித்தான் அந்த நகல் தயாராகும். ஒட்டின எடத்துக்கிட்ட அடையாளம் இருக்கும். படிச்சுட்டே போறப்ப அது கழண்டுடும். உங்க குடும்பத்துப் பிழை பாதியிலயே 'முடிஞ்சது'ன்னு நிறுத்திடுது. அதுக்கு அப்பால அடையாளம் கழலாம கெடந்தா, கெட்ட நகல்னு கண்டுபிடிச்சு செல்லே அழிச்சிடும். அரைகுறைப் புரதம் சேராது. இந்த ஜீன் எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். உங்க தங்கச்சிக்கு இன்னொரு ஜீன் நல்லாயிருக்கு, அதுவே போதும். உங்களுக்கும் அப்படித்தான். உங்க வீட்டுக்காரரும் அதே குடும்பம், அவருக்கும் இருக்கு; ஆளுக்கொண்ணா வந்து குருவுக்கு ரெண்டுலயும் பிழை. அழிச்சது போக ஒண்ணும் மிஞ்சறதில்ல."

அடுத்த முறை ரத்தம் கொடுக்க சோபனாவின் கணவன் சின்னராஜ் வந்தான். அவனை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். வராந்தாவில் அக்காவும் தங்கச்சியும் மட்டும்.

"உனக்கும் இருக்கணும்னு வேண்டிக்கிட்டன்டி" என்றாள் கலைமணி.

சோபனா கேட்டாள், "இப்ப நிம்மதியா?"

"இல்ல. உனக்கும் இருந்தும் உன் புள்ள ஓடுது."

சோபனா எழுந்து போய்விட்டாள். நாலு மாதம் போன் இல்லை. சின்னராஜ் மட்டும், முறை வந்ததும் பொம்மிடியிலிருந்து பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஐந்தாம் மாதம் கலைமணியே பொம்மிடிக்குப் போனாள். "ஐஸ்வர்யாவுக்கும் பரிசோதனை எடுத்துடு. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேசறப்ப, ரெண்டு பக்கமும் பார்க்காம கட்டிக்கொடுத்துடாத."

சோபனா தட்டில் சோறு போட்டாள். "கோபம் தீரலக்கா."

"எனக்கும் பொறாமை தீரல" என்று சொல்லிவிட்டு கலைமணி சாப்பிட உட்கார்ந்தாள்.